நாற்பத்திரண்டில் மூடிய மாண்டலின்

டாண்டினோங், மெல்பர்ன்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

முப்பது வருஷமாக உங்களை 'என்னங்க' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கடிதத்தில் வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இங்கே நானும் அக்காவும் சுகம். அக்காவின் புது முழங்கால் இப்போதுதான் அவள் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. உங்கள் சுகத்தைப் போனில் கேட்டால் 'ம்' என்கிறீர்கள். சாப்பிட்டாயிற்றா? 'ம்'. அங்கே மழையா? 'ம்'. போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு நிமிஷம் பேசினோம். அதில் பத்து நிமிஷம் நான் பேசியது.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். இனிமேல் போன் அவசரத்துக்கு மட்டும். மற்றதெல்லாம் கடிதத்தில். வெறும் 'ம்' எழுதித் தபால்தலை ஒட்ட உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

அக்காவின் ஆபரேஷனுக்குத் துணையாக மூன்று மாதம் என்று வந்தவள், ஏழு மாதம் ஆகிவிட்டது. அக்காவால் இன்னும் அதிக நேரம் நிற்க முடியவில்லை. அவளுடைய தையல் கடைக்கு நானும் கூடப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வியட்நாம்காரி ஒருத்தி கல்யாணக் கவுனைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போனாள். எனக்குப் பொழுது போவதே தெரியவில்லை. அக்கா, "நீ இங்கேயே இருந்துடேன் இளா, ரெண்டு பேரும் சேர்ந்து கடைய நடத்துவோம்" என்கிறாள். இங்கே தங்குவதற்கான படிவத்தைக்கூட வாங்கி வைத்துவிட்டாள். மார்ச் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? யோசித்து எழுதுங்கள்.

உங்கள்
இளமதி


தெம்பனிஸ், சிங்கப்பூர்
6 செப்டம்பர் 2024

அன்புள்ள இளமதிக்கு,

நலம். உன் கடிதம் பன்னிரண்டு நாளில் வந்து சேர்ந்தது. அக்காவின் முழங்கால் தேறியதில் மகிழ்ச்சி.

படிவம் பற்றிக் கேட்டிருந்தாய். உன் விருப்பம். அக்காவுக்கும் ஒரு துணை வேண்டும்.

ஒன்பதாவது மாண்டலினைத் தொடங்கியிருக்கிறேன். மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரம், அடிப்பலகைக்கு மேப்பிள். இரண்டும் நல்ல பலகை.

ஒரு பக்கமாவது நிரம்ப வேண்டும் என்பதால் எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ரத்னவேல்


டாண்டினோங்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

'இப்படிக்கு, ரத்னவேல்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அலுவலக முத்திரையை மட்டும் காணோம். ஆனாலும் 'ம்' என்பதைவிட இது எவ்வளவோ மேல். அக்காவிடம் படித்துக் காட்டினேன். நாலு வாக்கியம் தாண்டுவதற்குள் கடிதம் முடிந்துவிட்டதே என்று சிரித்தாள்.

'உன் விருப்பம்' என்பதை மட்டும் நான் பல தடவை படித்தேன். சரி, போகட்டும்.

என்ன சாப்பிடுகிறீர்கள்? தேக்கா சந்தைக்குப் போகிறீர்களா? ஹலீமா எப்படி இருக்கிறாள்? எதிர்வீட்டில் இருந்துகொண்டு சும்மா இருக்கமாட்டாள், உங்களை ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த மாண்டலின் யாருக்கு? முந்தின எட்டையும் யாருக்கு என்று தெரிந்துகொண்டுதான் மரமே வாங்கினீர்கள். இதற்கு மட்டும் ஆளைச் சொல்லவில்லை.

பட்டறை ஆக்கிக்கொண்ட அந்தப் பாதுகாப்பு அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள். போர் வந்தால் பதுங்கத்தான் அரசாங்கம் அதை வீட்டோடு கட்டிக் கொடுத்தது. நீங்கள் போர் வராமலே குடிபோய்விட்டீர்கள். இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே என்ன நடந்தாலும் யாருக்கும் கேட்காது. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
இளமதி


தெம்பனிஸ்
13 அக்டோபர் 2024

அன்புள்ள இளமதிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

சாப்பாடு: காலையில் ரொட்டி. மதியம் கீழே கோப்பிக்கடையில் ஒரு பொட்டலம், அதில் பாதி இரவுக்கு. ஞாயிற்றுக்கிழமை எம்ஆர்டி ரயில் பிடித்துத் தேக்காவுக்குப் போனேன். பழக்கதோஷத்தில் முருங்கைக்கீரை இரண்டு கட்டு வாங்கிவிட்டேன். கீரைக்காரர், "அக்கா வரலையா?" என்றார். "வெளியூர்" என்றேன். "எப்ப வர்றாங்க?" என்றார். மீதிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டேன். ஒரு கட்டை ஹலீமாவுக்குக் கொடுத்தேன். இன்னொன்று ஃப்ரிட்ஜிலேயே பழுத்துவிட்டது.

மேல்பலகையை இப்போது குடைந்துகொண்டிருக்கிறேன். நடுவில் நாலரை மில்லிமீட்டர், ஓரத்துக்குப் போகப் போக மெலிய வேண்டும். ஒவ்வொரு தடவை சீவிய பிறகும் ஓரத்தில் பிடித்துத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டிக் கேட்பேன். பலகை கனமாக இருந்தால் சத்தம் உடனே செத்துப்போகும். சரியான கனத்துக்கு வந்துவிட்டால் தட்டிய பிறகும் கொஞ்சம் நிற்கும். விமானப் பட்டறையில் இறக்கைப் பலகையை நாணயத்தால் தட்டி, உள்ளே பிளவு உண்டா என்று முப்பத்தொரு வருஷம் கேட்டேன் அல்லவா, இதுவும் அதே வேலைதான்.

கதவு திறந்திருந்தபோது ஹலீமா எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, பலகையைத் தட்டித் தட்டிக் காதுகிட்ட வெச்சிக்கிறீங்க, அது பதில் சொல்லுதா லா?" என்றாள். "சொல்லும்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கையில் இருந்த கறிபஃப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மரம் ஒட்டுகிற தோல் பசையை ஒரே சூட்டில் வைத்திருக்க உன்னுடைய சின்ன ரைஸ் குக்கரை எடுத்துக்கொண்டேன். இனி அதில் சோறு பொங்க முடியாது.

மாண்டலின் யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. எழுத்து கோணலாக இருக்கும். பேனா சரியில்லை.

அன்புடன்,
ரத்னவேல்


டாண்டினோங்
6 நவம்பர் 2024

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

பேனாவுக்கு நாலு தையல் போட்டார்களாமே, இப்போது எப்படி இருக்கிறது?

ஹலீமா குரல்பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, அண்ணன் கட்டைவிரல்ல உளி இறங்கிடுச்சி. தனியாத்தான் பாலிகிளினிக் போனாரு. உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு என்கிட்ட சொன்னாரு, அதான் சொல்றேன்." கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். மூன்று பக்கம் எழுதியவருக்கு ஒரு வரி எழுத மனம் வரவில்லையே. கீரை பழுத்ததைச் சொல்கிறீர்கள், விரல் அறுபட்டதைச் சொல்லவில்லை.

தீபாவளி அன்று இங்கே லீவு இல்லை. பதினாலு கால்சட்டைக்கு அடி மடித்துத் தைத்தேன். சிராங்கூன் சாலை விளக்குகளை அக்கா போனில் போட்டுக் காட்டினாள். நம் வாசலில் விளக்கு வைத்தீர்களா?

சமூக மன்றத்தில் எங்கள் இசைக்குழு இருந்த காலத்தில் தீபாவளிக்குத் தீபாவளி கச்சேரி இருக்கும். கல்யாணமான இரண்டாம் வருஷம் என் மாண்டலினின் கழுத்து வளைந்துபோனது. அதைச் சரிசெய்கிறேன் என்றுதான் நீங்கள் முதன்முதலில் உளியைத் தொட்டீர்கள். சரியாகவில்லை. நானும் வாசிப்பதை விட்டேன். வேலை ஓய்ந்த பிறகு ஊரில் இருக்கிற ஆளுக்கெல்லாம் எட்டு மாண்டலின் செய்து கொடுத்தீர்கள். எனக்கு ஒன்று செய்யத் தோன்றவில்லை. குறை சொல்லவில்லை, சும்மா ஞாபகம் வந்தது. இல்லை, குறைதான் சொல்கிறேன்.

தையல் பிரித்தாயிற்றா? உடனே எழுதுங்கள்.

உங்கள்
இளமதி


தெம்பனிஸ்
26 நவம்பர் 2024

அன்புள்ள இளமதிக்கு,

தையல் பிரித்தாயிற்று. விரல் மடங்குகிறது. சொல்லாமல் விட்டது தப்புதான். சொன்னால் நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

வாசலில் ஒரு விளக்கு வைத்தேன். காற்றில் இரண்டு தடவை அணைந்தது, இரண்டு தடவையும் ஏற்றினேன்.

நேற்று அடிப்பலகையை ஒட்டி மாண்டலினின் கூட்டை மூடினேன். இந்த வேலையில் திரும்பிப் பார்க்க முடியாத இடம் இதுதான். மரம் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து விரியும், ஈரம் குறைந்தால் சுருங்கும். எந்த ஈரத்தில் கூட்டை மூடுகிறோமோ அந்த ஈரத்துக்கு அது பழகிவிடும். இந்த ஊரிலேயே இருக்கப் போகிற மாண்டலினை ஈரமானியில் அறுபது சதவீதத்துக்கு மேல் வைத்து மூடலாம். முந்தின எட்டையும் அப்படித்தான் மூடினேன். ஆனால் அப்படி மூடியதை வறண்ட ஊருக்குக் கொண்டுபோனால், குளிர்காலத்தில் அறைக்குள் ஹீட்டர் போட்டதும் மேல்பலகை சுருங்கி வெடித்துவிடும்.

இதை நாற்பத்திரண்டில் மூடியிருக்கிறேன். அறையில் ஈரம் உறிஞ்சும் பெட்டியை ஐந்து வாரமாக நிறுத்தவில்லை. அதில் சேருகிற தண்ணீரைத் தினமும் மூன்று தடவை வெளியே கொட்டினேன். உள்ளே போனால் உதடு வெடித்துவிடும். ஆனால் வேலை சுத்தமாக வந்திருக்கிறது. எந்த வறண்ட ஊரிலும் இது தைரியமாக இருக்கும்.

யாருக்கு என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். இனி அரக்கு மெருகு போட வேண்டும், அதற்கு எட்டு வாரம் பிடிக்கும். மார்ச்சுக்குள் முடித்து அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
ரத்னவேல்


டாண்டினோங்
17 ஜனவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. விரல் ஆறியதில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். கடையில் வேலை அதிகம்.

மாண்டலினை அனுப்ப வேண்டாம்.

இளமதி


தெம்பனிஸ்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள இளமதிக்கு,

நான் நலமா என்று நீ கேட்கவில்லை. நலமாக இருக்கிறேன்.

ஏழு வாரம் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். முதல் மூன்று வாரம் தபால் தாமதம் என்று நினைத்தேன். அப்புறம் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தேன். ஹலீமாவிடம் கேட்டால், "அக்கா நல்லாத்தான் இருக்காங்க லா, நேத்துகூட மெசேஜ் போட்டாங்களே" என்றாள். அவளுக்கு எழுதுகிறாய், எனக்கு இல்லை என்று தெரிந்தது. பொங்கலன்று எதுவும் செய்யவில்லை. ஹலீமா வீட்டிலிருந்து சேமியா வந்தது.

டிசம்பர் முழுக்க மழை. ஈரக் காற்றில் அரக்கு பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் பெட்டியை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பழைய பனியனைப் பஞ்சோடு முடிச்சாகக் கட்டி, ஒரு நாளைக்கு ஒரு பூச்சு மட்டும் போட்டேன். இப்போது முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிறது. பார்த்தால் என் முகம்தான் தெரிகிறது, அது எனக்கு அலுத்துவிட்டது.

என்ன தப்பு செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. உனக்கு ஒன்று செய்யவில்லை என்று சொன்னாய். அதற்கு முன்பே உனக்காகத்தான் தொடங்கியிருந்தேன். நீ இருக்கிற ஊருக்கு ஏற்றபடிதான் மூடினேன். பிறகு ஏன் வேண்டாம் என்கிறாய்?

அன்புடன்,
ரத்னவேல்


டாண்டினோங்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

நலமா என்று கேட்காமல் விட்டது சின்னத்தனம். நலமா? உண்மையாகவே கேட்கிறேன்.

விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்குகிறேன். நான் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இங்கே இருக்கட்டுமா, திரும்பி வரட்டுமா? 'உன் விருப்பம்' என்றீர்கள். சரி, மனதில் என்ன இருக்கிறது என்று இன்னொரு கடிதத்தில் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னீர்கள், நாற்பத்திரண்டு என்று. ஐந்து வாரம் தண்ணீரைக் கொட்டி, நீ அங்கேயே இரு என்று மரத்தில் எழுதி, பசை போட்டு ஒட்டிவிட்டீர்கள். கேட்கவும் இல்லை. மார்ச்சுக்குள் அனுப்புகிறேன் என்று வேறு எழுதினீர்கள். படிவத்துக்குக் கடைசி நாளும் அதே மார்ச்தான்.

அந்தக் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அக்கா, "என்னடி, யாருக்கு என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல, அவரு எனக்கு மாண்டலின் செஞ்சிருக்காரு" என்றேன். "அதுக்கா அழறே?" என்றாள்.

இறக்கைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பிளவைத் தட்டிக் கேட்ட காது உங்களுடையது. பெண்டாட்டி கேள்வி கேட்டால் அதற்கு என்ன சத்தம் என்று மட்டும் கேட்கத் தெரியவில்லை.

'வா' என்று சொன்னால் வந்திருப்பேன். போ என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இரண்டும் இல்லாமல் ஒழுங்காக வேலை செய்து அனுப்பி வைக்கப் பார்க்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

படிவம் என் பையில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இளமதி


தெம்பனிஸ்
4 மார்ச் 2025

அன்புள்ள இளாவுக்கு,

நலமில்லை. இந்தத் தடவை உண்மையைச் சொல்கிறேன். காய்ச்சல் எதுவும் இல்லை, ஆனால் நலமில்லை.

மாண்டலினைத் திறந்துவிட்டேன்.

தோல் பசைக்கு ஒரு குணம் உண்டு, ஈரமும் சூடும் சேர்ந்தால் பிடியை விடும். அடிப்பலகையின் ஓரத்தில் ஈரத்துணியை வைத்து, மெல்லிய கத்தியைச் சுடவைத்து, அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டேன். இரண்டு நாள் பிடித்தது. எட்டு வாரம் போட்ட மெருகு ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. கழுத்துக்குக் கீழே மேப்பிளில் ஒரு சிம்பு பெயர்ந்துவிட்டது. ஒட்டினாலும் தழும்பு தெரியும். திரும்பிப் பார்க்க முடியாத இடம் என்று உனக்கு எழுதினேன். பார்க்கலாம், சேதாரத்தோடு.

ஈரம் உறிஞ்சும் பெட்டியை நிறுத்திவிட்டேன். இரும்புக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். கூடு திறந்தபடி சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது, நம் வீட்டுக் காற்றைக் குடித்துக்கொண்டு. ஹலீமா வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, என்னண்ணே, நல்லாத்தானே இருந்துச்சு!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளிடம் "அப்புறம் சொல்றேன்" என்றேன். உனக்குச் சொல்கிறேன்.

உன் முதல் கடிதத்திலேயே அந்த ஊர் உனக்குப் பிடித்துப்போனது தெரிந்தது. கல்யாணக் கவுன், வியட்நாம்காரி, பொழுது போவதே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். இந்த வீட்டில் நீ அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நமக்குப் பிள்ளைகளும் இல்லை, நானும் பேசுகிற ஆள் இல்லை. 'வா' என்று சொன்னால் நீ வந்துவிடுவாய். வந்துவிடுவாய் என்பதால்தான் சொல்லவில்லை. அது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது, அது பயம். நான் வா என்று சொல்லி நீ வராமல் போனால் என்ன செய்வது என்கிற பயம்.

வந்துவிடு, இளா. எனக்கு இங்கே தனியாக முடியவில்லை.

இதை எழுதிவிட்டுத் தபால்பெட்டி வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை போடுகிறேன்.

உன்
ரத்னவேல்


டாண்டினோங்
24 மார்ச் 2025

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ஒருவருடைய கால்சட்டையை இரண்டு அங்குலம் அதிகமாக வெட்டிவிட்டேன். அக்காதான் ஒட்டுப்போட்டுச் சரிசெய்தாள். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. எனக்கும் உடம்பு பரவாயில்லை.

வருகிறேன். ஏப்ரல் முப்பதாம் தேதி, மாலை விமானம். ஆனால் அதற்கு முன்னால் என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆறேழு மாதத்தில் நீங்கள் எனக்கு எழுதியது முப்பது வருஷத்தில் பேசியதைவிட அதிகம். ஒவ்வொரு கடிதத்தையும் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன். கீரைக்காரர் கேட்டதும் மீதியை வாங்காமல் வந்தீர்களே, அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவரோடு நான் ஒரு நாளும் குடித்தனம் நடத்தியதில்லை. நான் வந்து இறங்கியதும் அவர் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே சாப்பிட வருகிறவர் வேறு ஆளாக இருப்பார்.

அடுக்களையிலிருந்து அந்த அறைக்குப் பன்னிரண்டு எட்டு. நான் எண்ணியிருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு எட்டில் நான் பட்ட தனிமை இந்த ஆறாயிரம் கிலோமீட்டரில் இல்லை. வீட்டை விட்டு வந்தது அக்காவின் முழங்காலுக்காக. திரும்பாமல் இருந்தது இதற்காக.

படிவத்தைக் கொடுக்கச் செப்டம்பர் வரை அவகாசம் வாங்கியிருக்கிறாள் அக்கா. அதை மறைக்க விரும்பவில்லை.

விமான நிலையத்துக்கு வர வேண்டாம் என்று சம்பிரதாயத்துக்குச் சொல்லமாட்டேன். வாருங்கள்.

உங்கள்
இளமதி


பாதுகாப்பு அறை, தெம்பனிஸ்
11 மே 2025

அன்புள்ள இளாவுக்கு,

நீ நலமாக இல்லை என்று தெரியும். பன்னிரண்டு எட்டுத் தூரத்தில் அடுக்களையில் இருக்கிறாய். இரும்புக் கதவை இப்போது முழுக்கச் சாத்துவதில்லை, குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் இங்கே கேட்கிறது. இதற்குத் தபால்தலை வேண்டாம், மேசையில் வைத்துவிடுகிறேன்.

நீ வந்து பதினோரு நாள் ஆகிறது. விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து, என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றேன். நீ கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்ததும், "ஃப்ளைட் லேட்டா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு டாக்ஸி தெம்பனிஸ் வருகிற வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அப்போதே எனக்குத் தெரியும், நீ எழுதிய பயம் நிஜமாகிக்கொண்டிருக்கிறது என்று. தெரிந்தும் வாய் வரவில்லை.

நம் வீட்டு ஈரத்திலேயே மறுபடி மூடித் தந்தி கட்டி வைத்திருந்த மாண்டலினை நேற்று மாலை நீ எடுத்தாய். நான் இந்த அறையில் சீவுளியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எட்டுத் தந்தியையும் ஒவ்வொன்றாகச் சுதி சேர்த்தாய். தழும்பு இருக்கிற இடத்தை விரலால் தடவிப் பார்த்திருப்பாய் என்று நினைக்கிறேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வாசிக்காமல் வைத்துவிட்டாய். குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதாய். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பாய். கேட்டது. நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பலகையில் இல்லாத மேட்டைச் சீவிக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் நடந்துகொள்ள முடியாது.

பேச்சு வராததற்குக் காரணம் நீ இல்லை. தொண்டை வரை எல்லாம் வருகிறது. நீ முகத்தைப் பார்த்ததும் எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் மொத்தமும் நின்றுவிடுகிறது. தாள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் இங்கே வருகிறது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ இல்லாத பதினைந்து மாதமும் நான் சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். என் இடத்தில் உட்கார்ந்தால் எதிரே உன் நாற்காலி காலியாகத் தெரியும். உன் இடத்தில் உட்கார்ந்தால் காலியாக இருப்பது என்னுடையது, அது பரவாயில்லை. அப்படி உட்கார்ந்தபோதுதான் நீ இத்தனை வருஷமாக எதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாய் என்று தெரிந்தது. சாத்தின இரும்புக் கதவு. அங்கிருந்து பார்த்தால் வேறு ஒன்றும் தெரிவதில்லை.

நீ போகும்போது இரண்டு சூட்கேஸ் கொண்டுபோனாய். ஒன்றோடு வந்திருக்கிறாய். மற்றது அக்கா வீட்டில் இருக்கிறது என்று புரிகிறது. பதினோரு நாளாக அதைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன், பயமாக இருக்கிறது. நீ திரும்பிப் போனால் அதில் நியாயம் உண்டு. ஆனால் போகாதே. இதை நேரில் சொல்லத் தெரியாதவன் என்பதற்காக, என் மனதில் இது இல்லை என்று நினைத்துவிடாதே.

உன்
ரத்னவேல்


(அதே தாளின் அடியில், பென்சிலில்)

என்னங்க,

படித்துவிட்டேன். மீன் குழம்பு ஆறுகிறது. இன்றைக்கு உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், என் நாற்காலி உங்களுக்கு. மிச்சத்தை இங்கே வந்து வாயால் சொல்லுங்கள். திக்கினாலும் பரவாயில்லை, குழம்பைத் திரும்பச் சுடவைத்துக்கொள்ளலாம். அந்த சூட்கேஸை அனுப்பச் சொல்வதா வேண்டாமா என்று அக்கா நாலு மணிக்குப் போன் செய்து கேட்பாள். நீங்கள் சொல்வதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குப் பதில்.

இளா